பெருக்கல் குறி போட்ட செல்கள்

அந்த டப்பாவைத் திறக்காதீங்க மேடம். சாப்பாட்டு டப்பா இல்ல அது. மேல ஒட்டியிருக்கற சீட்டைப் படிச்சிருந்தா கையே வச்சிருக்க மாட்டீங்க. மூளைதான். முழுசு இல்ல, சுண்டுவிரல் நீளத்துக்கு எட்டு துண்டு. செத்துப்போனவங்க எழுதி வச்சுட்டுப் போனது. திருட்டுச் சரக்கு இல்ல, எல்லாத்துக்கும் காகிதம் இருக்கு. கை கழுவணும்னா அந்த மூலைல குழாய் இருக்கு. நீங்க தொடவே இல்லதான், இருந்தாலும் கழுவத் தோணும். எனக்கும் முதல் மாசம் அப்படித்தான் இருந்துச்சு.

அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

கையெழுத்துதானே மேடம், போடறேன். அம்மாவை அண்ணன்தான் இப்படிப் பண்ணினான், நான் அப்ப வீட்ல இல்ல, ஸ்டேஷன்லேருந்து அதானே எழுதிக் கொண்டுவந்திருக்கீங்க. ஒரு கால் மணி நேரம் மட்டும் குடுங்க. இந்த ஸ்லைடு மேல பூசியிருக்கற சாயம் வெளிச்சத்துல மங்கிடும், பாதியில எழுந்தா திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும். அதுக்குத்தான் ஜன்னலை மூடி வச்சிருக்கோம், பகல் பதினோரு மணிக்கு இப்படி இருட்டுல உக்காந்திருக்கறதைப் பாத்து நீங்க ஒரு மாதிரி ஆயிட்டீங்க வாசல்லயே. பேசிக்கிட்டே எண்ணுவேன். பழக்கம்.

இந்தச் சத்தமா? இதுதான் எண்ணற மெஷின். ஒரு செல்லைப் பாத்தா ஒரு அமுக்கு. டிக். அவ்வளவுதான் என் வேலை. படிச்ச படிப்புக்கு இதான்னு எங்க அண்ணன் கேலி பண்ணுவான், மூளையை வச்சு பொழைக்கறவ நீதான், ஆனா அடுத்தவன் மூளைன்னு.

இதுவா? பிளாஸ்திரி. அந்தப் பக்கம் ஒரு மெஷின் தெரியுதில்ல, சக்கரம் வச்சது, அதுலதான் மூளையைச் சீவறது. தலைமுடில பத்துல ஒரு பங்கு தடிமன் வரும். அதுல இருக்கற பிளேடு சும்மா விடாது. இங்க வேலை பாக்கற எல்லார் கைலயும் ஒரு வெட்டாவது இருக்கும். வலது கட்டை விரலாப் போச்சு, அதான் ரெண்டு நாளா இடது கையால அமுக்கறேன். கொஞ்சம் மெதுவாப் போகுது.

நீங்க படிங்க மேடம், நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்.

ஒரு நிமிஷம். நரம்புத் தளர்ச்சி இல்ல. அதை மட்டும் அடிச்சுடுங்க. தளர்ச்சின்னு எழுதினா ஏதோ நாலு நாள் படுத்து எழுந்தா சரியாயிடும்னு நினைப்பாங்க. அம்மாவுக்கு இருக்கறது மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ். எம்.எஸ்.னு எழுதினா போதும், கோர்ட்ல புரியும்.

எப்படிச் சொல்றது. கரண்ட் வயர் பாத்திருப்பீங்க, உள்ள செம்பு, மேல ரப்பர். நரம்புக்கும் அப்படி ஒரு உறை இருக்கு. அந்த உறை உரிஞ்சுபோச்சுன்னா மூளை சொல்றது போய்ச் சேராது. காலைத் தூக்குன்னு சொன்னா கால் கல்லு மாதிரி கிடக்கும். தட்டை விடுன்னா விரல் இன்னும் இறுகிக்கும். உறையை யாரு உரிக்கறாங்கன்னு கேட்டா, உடம்போட காவல் செல்லுங்கதான். வெளியிலேருந்து வர்ற கிருமியை அடிக்கறதுக்கு வச்ச ஆளுங்க. அவங்களே கதவை உடைச்சுக்கிட்டு மூளைக்குள்ள பூந்து சொந்த வீட்டை அடிச்சு நொறுக்கறாங்க. உங்க டிபார்ட்மென்ட்டைச் சொல்லல மேடம்.

சிரிச்சீங்களே, நல்லது. நான் பயந்துக்கிட்டே சொன்னேன்.

அந்த உறையைச் செய்யறதுக்குன்னே ஒரு செல் இருக்கு. ஒலிகோடென்ட்ரோசைட். வாய்ல நுழையாது, நாங்க ஒலிகோன்னு கூப்பிடுவோம். நடுவுல துளியூண்டு உடம்பு, சுத்தி முப்பது நாப்பது கை. ஒவ்வொரு கையும் ஒரு நரம்பைத் தேடிப் போய்ச் சுத்தி சுத்தி உறை போடும். பள்ளிக்கூடம் போற நேரத்துல ஒரே பொம்பளை நாப்பது பிள்ளைங்களுக்கு ஸ்வெட்டர் மாட்டிவிடற மாதிரின்னு வச்சுக்கங்க. காவல் செல்லுங்க உள்ள வந்ததும் முதல்ல அடி வாங்கறது அதுதான். கையெல்லாம் பிய்ஞ்சு, உடம்பு வீங்கி, செத்துக் கிடக்கும். நான் தினமும் பாக்கறேன். பக்கத்து மேஜைக்காரரு, கண்ணாடி சார்னு சொல்லுவோம், முப்பது வருஷமா இந்த மைக்ரோஸ்கோப்ல கண்ணை வச்சே கண்ணாடி தடிச்சுப்போனவரு, அவர் அதுக்கு ஒரு பேரு வச்சிருக்காரு. அடி வாங்கற கட்சின்னு.

டிக். மன்னிச்சுக்கங்க, ஒண்ணு விட்டுப்போச்சு.

எங்கப்பாவைப் பத்தி எதுக்கு மேடம், அவர் செத்து வருஷமாச்சு. சரி. அண்ணன் கையை ஓங்கறவனா எப்படி ஆனான்னு எழுதணும்னா அங்கேருந்துதான் வரணும்.

அப்பா லாரிப் பட்டறைல வெல்டர். அம்மாவுக்கு முதல்ல ஒரு கண்ணு மங்குச்சு, அது தானா சரியாயிடுச்சு. அப்புறம் கை. தட்டு விழும், டம்ளர் விழும். நோய்க்குப் பேரே அப்ப தெரியாது. அப்பாவுக்கு அது வேணும்னே போடறது. முதல் தடவை காதோட சேர்த்து ஒண்ணு விட்டாரு, இடது காது. அம்மா அடுப்பு மேல போய் விழுந்தாங்க. இன்னைக்கும் அந்தப் பக்கம் நின்னு பேசினா அவங்களுக்குக் கேக்காது. அடுத்தது கால் தள்ளாட ஆரம்பிச்சுது. குடிச்சிருக்கியான்னு கேட்டாரு. கேட்டவரு குடிச்சிருந்தாரு, அது வேற.

எங்க வீட்டுத் தரை கட்டம் போட்ட ஓடு. வாசல் கதவுலேருந்து சமையல் ரூம் வரைக்கும் ஒரு வரிசைக்குப் பதினாலு கட்டம். அந்த ஒரு வரிசைலயே நடந்து காட்டணும். பக்கத்து வரிசைல கால் பட்டா தப்பு. போய்ட்டு வரணும், போய்ட்டு வரணும், அவருக்குப் போதும்னு தோணற வரைக்கும். நடந்து முடிச்சதும் எத்தனை தப்போ அத்தனை பெல்ட். பக்கிள் இருக்கற முனையாலதான். முதுகுல சதை பிளந்து நான் பாத்திருக்கேன், உள்ள வெள்ளையா இருக்கும், ரத்தம் வர்றதுக்கு ஒரு நொடி ஆகும்.

எண்ணற வேலை என்னோடது.

ஆறு வயசு. சோபாவோட கைப்பிடி மேல ஏறி உக்காந்துக்கிட்டு சத்தமா எண்ணணும். அவர் எண்ண மாட்டாரு, பெல்ட்டைக் கைல சுத்திக்கிட்டுக் கண்ணை மூடி உக்காந்திருப்பாரு. குழந்தை பொய் சொல்லாது, அவ எண்ணட்டும்பாரு. நான் சொன்னேன் மேடம் பொய். ஒன்பதை ஆறுன்னு சொன்னேன். பதினொண்ணை ஏழுன்னு சொன்னேன். கொஞ்ச நாள் ஓடுச்சு. ஒரு நாள் கண்ணைத் திறந்து வச்சு அவரும் மனசுக்குள்ள எண்ணிட்டாரு. அன்னைக்கு ஆறு அம்மாவுக்கு, விட்ட மூணு எனக்கு. தொடை மேல. அதுக்கப்புறம் நான் சரியா எண்ணினேன். ஒண்ணு கூட விடாம. அம்மா நடக்கும்போது என்னைப் பாக்க மாட்டாங்க, தரையைப் பாத்துக்கிட்டே நடப்பாங்க. ஒரு தடவை மட்டும் நிமிர்ந்து பாத்தாங்க. நான் எட்டுன்னு சொன்னப்ப.

தண்ணி வேணாம் மேடம். எழுதுங்க நீங்க.

அண்ணன் எனக்கு அஞ்சு வயசு பெரியவன். அவனுக்குப் பதினாலு ஆனப்போ ஒரு சாயங்காலம் சைக்கிள் பூட்டற சங்கிலியைக் கைல சுத்திக்கிட்டு வந்து அப்பா வாய் மேலயே போட்டான். ஒரு தடவை இல்ல. அவர் விழுந்த பிறகும் போட்டான். தாடை ஒரு பக்கமா இறங்கிப்போச்சு, பல்லு நாலு. அதுல மூணுதான் அன்னைக்குக் கிடைச்சுது. நாலாவதை ரெண்டு வாரம் கழிச்சு அலமாரிக்கு அடில பெருக்கும்போது நான் எடுத்தேன். அப்பா ஆஸ்பத்திரிலேருந்து வீட்டுக்கு வரல. ஏழு வருஷம் கழிச்சு வேற ஊர்ல செத்தாருன்னு தகவல் வந்துச்சு, நாங்க போகல.

அண்ணனுக்கு அன்னைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கல, அது உண்மை. குளிர்சாதனக் கிடங்குல லோடு ஏத்தறான். கூட வேலை பாக்கறவன் ஒருத்தன் நொண்டி வீட்டுப் பையன்னு சொன்னான்னு அவன் விரலை இரும்புக் கதவு இடுக்குல வச்சுச் சாத்தினான். மூணு மாசம் உள்ள இருந்தான். அது உங்க ஃபைல்ல இருக்கும். பக்கத்து வீட்டு நாயை உதைச்சது இருக்காது, அதையும் எழுதிக்கங்க. எங்க வீட்டுக் கதவுல அவன் முஷ்டி அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கு, காலண்டரை மாட்டி மறைச்சு வச்சிருக்கோம், நீங்க வந்தப்ப தூக்கிப் பாத்தீங்கன்னு பக்கத்து வீட்டுக்கார அக்கா சொன்னாங்க.

அம்மா மேலயா? வர்றேன் மேடம். இந்த வரிசையை முடிச்சுக்கறேன்.

இங்க பாருங்க, கண்ணை இந்தக் குழல் மேல வைங்க. கண்ணிமை பட்டா பரவாயில்ல. கறுப்பு பின்னணி, பச்சைப் புள்ளி தெரியுதா, அதெல்லாம் ஒலிகோ. சிவப்பா இருக்கறது காவல் வேலைக்கான அடையாளம். அடிக்கற செல்லுங்ககிட்ட, இதோ இவனை அடின்னு ஒரு துண்டைத் தூக்கிக் காட்டறதுக்கு ஒரு கைப்பிடி மாதிரி இருக்கும், சாயம் அதுல போய் ஒட்டும். பச்சையைத் தனியா எண்ணணும். சிவப்பைத் தனியா எண்ணணும்.

ஸ்லைடுல பேரு இருக்காது. எந்த ஸ்லைடு நோயாளியோடது, எது நோயே இல்லாதவங்களோடதுன்னு எண்ணறவங்களுக்குத் தெரியக்கூடாது, ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சுத்தான் குடுப்பாங்க. தெரிஞ்சா கண்ணு பொய் சொல்லும். நோயாளின்னு தெரிஞ்சா இல்லாத சிவப்பெல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆமா, வேற எங்கயும் இந்தப் பழக்கம் கிடையாது. நீங்க எங்க அண்ணன் பேரைப் படிச்சுட்டுத்தான் மாடிப்படி ஏறியிருப்பீங்க.

தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வேலை அப்படி.

இப்ப கீழ் ஓரத்துல, இடது பக்கம், ஒரு புள்ளி மஞ்சளாத் தெரியும் பாருங்க. மேஜைல முழங்கையை ஊனிக்கங்க. தெரியுதா? அது மஞ்சள் சாயம் இல்ல. பச்சையும் சிவப்பும் ஒரே செல்லுல இருந்தா அப்படித் தெரியும். நான் வேலைக்குச் சேந்த முதல் வாரமே அதைப் பாத்துட்டேன். கண்ணாடி சார்கிட்ட போய்க் கேட்டேன். அவர் எழுந்து வந்து கூடப் பாக்கல. சாயம் வழிஞ்சிருக்கும்மா, இல்ல ரெண்டு செல்லு ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்கும், பெருக்கல் குறி போட்டுட்டுப் போயிட்டே இரு, எண்ணிக்கைல சேக்காதேன்னாரு. நான் கொஞ்சம் நின்னேன். எனக்கு எதிர்த்துப் பேச வராது, ஆனா நின்னுக்கிட்டே இருப்பேன். என்னம்மான்னாரு. ஒரே செல்லு மாதிரிதான் சார் இருக்குன்னேன். அவர் சிரிச்சாரு. அது அடி வாங்கற கட்சிம்மா, அது எங்கேருந்து அடிக்கும்னாரு.

போட்டேன். எட்டு மாசம் போட்டேன். எங்க எல்லா நோட்டுலயும் பெருக்கல் குறி. நோயாளிங்க ஸ்லைடுல நிறைய, மத்தவங்க ஸ்லைடுல கிட்டத்தட்ட இல்ல, அது பின்னாடி ஸ்டிக்கரைக் கிழிச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. சாயம் வழியறதுன்னா ரெண்டுலயும் ஒரே மாதிரிதானே வழியணும். அந்தக் கேள்வி அந்த ரூம்ல வேற யாருக்கும் தோணல. எனக்குத் தோணுச்சு, நான் கேக்கல.

போன மாசம் வேற எங்கயோ ஒரு குழு எழுதி வெளியிட்டுட்டாங்க. எம்.எஸ். இருக்கறவங்க மூளைல ஒலிகோல சிலது அந்தச் சிவப்பு அடையாளத்தை எடுத்து மாட்டிக்குதுன்னு. அடி வாங்கற செல்லே அடிக்கற ஆளுக்கு ஆள் காட்டுதுன்னு. பிய்ஞ்சு கிடக்கற உறையைத் தின்னவும் செய்யுது சிலது. அதுதான் நோயை ஆரம்பிச்சு வைக்குதுன்னு யாரும் சொல்லல, அப்படி எழுதிக்காதீங்க. சும்மா நின்னு அடி வாங்கறது மட்டும் இல்ல, அதுக்கும் ஒரு பங்கு இருக்கலாம்னு, அவ்வளவுதான். எங்க பெரிய டாக்டரம்மா அந்தக் கட்டுரையைக் கொண்டுவந்து மேஜை மேல வச்சாங்க, ஒண்ணும் திட்டல. பழைய ஸ்லைடுப் பெட்டி எல்லாத்தையும் இறக்கி வச்சுட்டு, முதல்லேருந்து எண்ணுங்கன்னு மட்டும் சொன்னாங்க. கண்ணாடி சார் அன்னைக்கு ரெண்டு தடவை கண்ணாடியைத் துடைச்சாரு. நான் போட்ட பெருக்கல் குறி மட்டும் ஆயிரத்து இருநூத்தி முப்பத்தி ஒண்ணு. அதைத்தான் இப்ப திரும்ப எண்ணிக்கிட்டு இருக்கேன்.

சரி, சரி. விஷயத்துக்கு வர்றேன். முந்தாநாள் காலைல.

நான் எட்டு இருபதுக்கு இங்க வந்து கையெழுத்துப் போட்டுட்டேன். கீழ பதிவேட்டைப் பாத்துட்டுத்தான் மேல வந்திருப்பீங்க. எட்டே முக்காலுக்கு அண்ணன் அம்மாவைத் தூக்கிக்கிட்டுப் படி இறங்கினதைப் பக்கத்து வீட்டு அக்கா பாத்திருக்காங்க. சட்டைல ரத்தம். அம்மாவோட கை முழங்கைக்குக் கீழ வேற திசைல தொங்கியிருக்கு. அலறல் சத்தம் எத்தனை மணிக்குக் கேட்டுச்சுன்னு அக்கா சொன்னாங்க? எட்டு இருக்கும்னு. இருக்கும்னுதானே சொன்னாங்க.

ஆஸ்பத்திரி அறிக்கையை நீங்களே படிங்களேன். விழுந்த முறிவு இல்ல, முறுக்கின முறிவு. ஈரத்துணியைப் பிழியற மாதிரி எலும்பு சுத்திக்கிட்டு உடைஞ்சிருக்குன்னு. உதடு வீங்கியிருக்கு. வாயைச் சுத்தி ரத்தம். அடுத்த வரி? அதையும் படிங்க. வாய்க்குள்ளயும் உதட்டுலயும் வெட்டுக் காயம் ஏதும் இல்லை.

இல்லைன்னு எழுதியிருக்காரு இல்ல. நல்ல டாக்டர். கவனிச்சு எழுதியிருக்காரு.

அண்ணன் ஒத்துக்கிட்டான், தெரியும். நான்தான் பண்ணேன், வேற ஒண்ணும் கேக்காதீங்கன்னு சொல்லியிருப்பான். நீங்களும் கேக்கல. அவன் சொன்னா யாரும் ரெண்டாவது தடவை கேக்க மாட்டாங்கன்னு அவனுக்கு நல்லாத் தெரியும் மேடம், இத்தனை வருஷ அனுபவம். அவனுக்கு அன்னைக்கு ராத்திரி ஷிஃப்ட். கிடங்குக் கேட்ல வெளிய போற நேரத்தைப் பதிவு பண்ணுவாங்க, கை ரேகை வச்சாதான் கதவே திறக்கும். எட்டு அஞ்சுன்னு இருக்கும். அங்கேருந்து வீட்டுக்கு பஸ்ல இருபத்தி அஞ்சு நிமிஷம். போன் போட்டுக் கேளுங்க, நான் எண்ணிக்கிட்டு இருக்கேன்.

கேட்டீங்களா. எட்டு அஞ்சா, எட்டு ஆறா? ஆறு. சரி.

எங்க வீட்ல மூணே பேர்தான் மேடம்.

சிரிப்புன்னு ஒண்ணு வரும் அம்மாவுக்கு, ஒரு வருஷமா. நோய் முத்தினா சிலருக்கு வரும். மனசுல ஒண்ணுமே இருக்காது, வாய் சிரிக்கும், நிறுத்த முடியாது. கண்ணைப் பாத்தா தெரியும், கண்ணு சிரிக்காது, மன்னிச்சுக்கோன்னு சொல்லும். உறை போன வயர் அது. எந்த இடத்துல உறை போனா அந்தச் சிரிப்பு வரும்னு எனக்குத் தெரியும். அந்த இடத்தை நான் சீவியிருக்கேன், சாயம் பூசியிருக்கேன், இந்தக் கையால. இந்த ஊர்ல அது சிரிப்பு இல்லைன்னு என்னைவிடத் தெரிஞ்சவ எவளும் கிடையாது.

குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேன். ஏழே முக்கால் இருக்கும். குழாயைப் பிடிச்ச கை இறுகிடுச்சு, விடல. வெந்நீர்ப் பக்கமாத் திரும்பிக்கிச்சு, தண்ணி சுட ஆரம்பிச்சுது, என் கால் மேலயும் ஊத்துது, அவங்க தொடை மேலயும் ஊத்துது. விடும்மான்னேன். விரல் ஒவ்வொண்ணாப் பிரிச்சேன், ஒண்ணைப் பிரிச்சா மூணு மூடுது. எட்டரைக்குள்ள இங்க வந்து சாயத்தைக் கழுவணும், முதல் நாள் ஊற வச்சது. அப்ப சிரிக்க ஆரம்பிச்சாங்க. வாய் மேல அடிச்சேன். சிரிப்பு நிக்கல. இன்னொண்ணு அடிச்சேன். கட்டை விரல் வாய்க்குள்ள போச்சு, பல்லு இறங்கிடுச்சு. அதுவும் அவங்க கடிச்சது இல்ல, தாடையும் அப்படித்தான் இறுகும், அதுவும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இன்னொரு கையால அவங்க கையைப் பிடிச்சு முறுக்கினேன். விடற வரைக்கும் முறுக்கினேன். விட்டுச்சு.

இந்த மெஷின் சத்தம்தான் வந்துச்சு மேடம். டிக். அதே மாதிரி.

சிரிப்பு அப்பவும் வந்துக்கிட்டு இருந்துச்சு. துண்டைச் சுத்தி சுவத்துல சாய்ச்சு உக்கார வச்சேன். குழாயை மூடினேன். அண்ணனுக்கு போன் பண்ணி, அம்மா வழுக்கி விழுந்துட்டாங்க வான்னேன். கால் மணி நேரத்துல இங்க. ஒரு நிமிஷம் தாமதம் இல்லாம சாயத்தைக் கழுவினேன்.

இல்ல மேடம், பிளேடு இல்ல. பிளாஸ்திரியைப் பிரிச்சுக் காட்டறேன், பல் வரிசை தெரியும். மேல நாலு, கீழ மூணு. போட்டோ எடுத்துக்கங்க, இந்த விளக்குக்கு அடில வச்சா தெளிவா விழும்.

அண்ணனுக்கு எப்படித் தெரியும்னு எனக்குத் தெரியல. அம்மா சொல்லியிருக்க மாட்டாங்க. ஏற்கெனவே தோள்ல கன்னிப்போன இடங்களைப் பாத்திருப்பான். ஞாயித்துக்கிழமைல அவன்தான் குளிப்பாட்டுவான்.

முதல் தடவையா? இல்ல. பதினேழாவது. கிள்ளினதைச் சேக்காம. எண்ணி வச்சிருக்கேன் மேடம், குறைக்கல. அதுல மட்டும் என்னை நீங்க நம்பலாம்.

அந்தத் தாளைக் குடுங்க. அண்ணன்னு இருக்கற இடத்தை அடிச்சுட்டு எழுதணுமா, இல்ல புதுசா வேற தாளா? வேற தாள்னா இங்க இருக்கு, ஒரு பக்கம் அச்சான தாள், பரவாயில்லையா.

இன்னும் நாலு ஸ்லைடு பாக்கி இருக்கு. முடிச்சுட்டு வரவான்னு கேக்க மாட்டேன். கண்ணாடி சார் பாத்துப்பாரு. மஞ்சளாத் தெரியறதுக்குப் பெருக்கல் குறி போடாதீங்க, எண்ணிக்கைல சேருங்கன்னு ஒரு சீட்டு மட்டும் எழுதி இந்த மைக்ரோஸ்கோப் மேல ஒட்டிட்டு வர்றேன். அவர் பழக்க தோஷத்துல மறந்துடுவாரு.